உருளைக்கிழங்கு சூப்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணமாகி கோத்தகிரிக்குப் போன முதல் மார்கழியில்தான் உருளைக்கிழங்கை ஒரு தம்ளரில் ஊற்றிக் குடிக்கலாம் என்று எனக்குத் தெரிந்தது. மாமியார் வைத்துக் கொடுத்தார். என் பிறந்த வீடு திருநெல்வேலி. அங்கே உருளைக்கிழங்கு என்றால் பொரியல், மசால், சொதி, அவ்வளவுதான். இப்போது கோவையில் இருக்கிறோம். பனி இல்லாவிட்டாலும் வாரம் ஒரு நாள் எங்கள் வீட்டில் இந்தச் சூப் உண்டு. குடித்துப் பார்த்தவர்கள் செய்முறை கேட்பார்கள், செய்துவிட்டுச் சந்தேகம் கேட்பார்கள். ஆள் மாறினாலும் சந்தேகம் ஒன்றாகவே இருப்பதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

நாலு பேருக்கு என்ன அளவு? முதல்ல அதைச் சொல்லுங்க.

உருளைக்கிழங்கு 400 கிராம் (நடுத்தர அளவில் நாலு), பெரிய வெங்காயம் ஒன்று, பூண்டு நாலு பல், வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, தண்ணீர் மூன்று தம்ளர், காய்ச்சிய பால் ஒரு தம்ளர், கல் உப்பு, ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு ஒரு தேக்கரண்டி. நான் சொல்கிற தம்ளர் 200 மில்லி. வெண்ணெய் இல்லையென்றால் நெய் போடலாம், ஆனால் பாதி அளவு போதும். நெய் மணம் கிழங்கை அமுக்கிவிடும்.

அடி கனமான பாத்திரத்தில் வெண்ணெயை உருக்கி, பொடியாக அரிந்த வெங்காயம், பூண்டு, ஒரு சிட்டிகை உப்பு போட்டுச் சிறு தீயில் ஏழெட்டு நிமிடம் வதக்குங்கள். வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆக வேண்டும், சிவக்கக் கூடாது. அப்புறம் ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டிய கிழங்கைப் போட்டு இரண்டு நிமிடம் புரட்டி, கொதிக்கும் தண்ணீர் மூன்று தம்ளரையும் ஊற்றி, மீதி உப்பும் போட்டு மூடி வையுங்கள். 15 முதல் 20 நிமிடத்தில் வெந்துவிடும். கத்தி முனையால் குத்தினால் துண்டு தானாகப் பிளக்க வேண்டும். அதுதான் பதம்.

அடுப்பை அணைத்து, பருப்பு மத்தால் கடையுங்கள். முக்கால்வாசி மசிந்து, கால்வாசி சிறு துண்டுகளாக நிற்கட்டும். சூடான பாலை ஊற்றிக் கலக்கி, மறுபடி சிறு தீயில் வைத்து, ஓரத்தில் குமிழி வரும்போது இறக்கிவிடுங்கள். மிளகு கடைசியில். ஒன்று முக்கியம்: கிழங்கைத் தோல் சீவி முழுதாகக் கழுவுங்கள். வெட்டிய பிறகு கழுவாதீர்கள். காரணம் கார்ன்ஃப்ளவர் கேள்வியில் வருகிறது.

ஊட்டிக் கிழங்குதான் வேணுமா? கடையில இருக்கிற எதுவும் போடலாமா?

எதைப் போட்டாலும் சூப் வரும். நல்ல சூப் வர மாவுத்தன்மை உள்ள கிழங்கு வேண்டும். கிழங்கில் இரண்டு குணம் உண்டு. ஒன்று வெந்ததும் மாவாக உதிரும், மற்றது வெந்தாலும் கட்டியாக நிற்கும். புதுக்கிழங்கும் தோல் மெல்லிய குட்டிக் கிழங்கும் பெரும்பாலும் இரண்டாம் வகை. பொரியலுக்கு அருமை, சூப்புக்கு ஏற்றதில்லை. முற்றிய, தோல் கொஞ்சம் சொரசொரப்பான கிழங்காகப் பார்த்து வாங்குங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு பங்கு உப்பை 11 பங்கு தண்ணீரில் கரைத்துக் கிழங்கைப் போடுங்கள். மாவுக் கிழங்கு அடர்த்தி கூடியது, அதனால் மூழ்கும். மற்றது மிதக்கும்.

ஊட்டிக் கிழங்கு மேல் எனக்குப் பற்று உண்டு, மறைக்கவில்லை. 1820களில் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் நீலகிரியில் உருளை முதலான மேல்நாட்டுக் காய்களைப் பயிரிட வைத்ததில் தொடங்கிய கதை அது. ஊட்டி முத்தோரையில் 1957 முதல் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மலைக் கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டியில் ஏலம் போய்த்தான் நமக்கு வருகிறது. செம்மண் ஒட்டிய கிழங்கைக் கழுவும்போது வாளித் தண்ணீர் செங்கல் நிறமாக மாறும். அந்த நிறத்தைப் பார்த்தாலே எனக்குக் கோத்தகிரி வீட்டுப் பின்கட்டு ஞாபகம் வரும்.

குக்கர்ல வச்சா சீக்கிரம் ஆகுமே?

ஆகும். இரண்டு விசில் போதும். ஆனால் குக்கரில் வேகும் கிழங்கு வெளிப்புறம் கரைந்து, உள்ளே ஒரு மாதிரி தண்ணீர் கோத்துக்கொள்ளும். மூடியைத் திறந்து பதம் பார்க்கவும் வழியில்லை. அவசரமென்றால் வையுங்கள், தண்ணீரை அரைத் தம்ளர் குறைத்துக்கொள்ளுங்கள். வெங்காயத்தை மட்டும் திறந்த குக்கரிலேயே பொறுமையாக வதக்கிவிட்டு அப்புறம் மூடுங்கள்.

ஓட்டல் சூப் மாதிரி கெட்டியா வர கார்ன்ஃப்ளவர் எவ்வளவு போடணும்?

போடவே வேண்டாம். இந்தப் பக்கம் முழுவதிலும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது ஒன்றைத்தான். உருளைக்கிழங்கில் சுமார் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர், மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து. சூப்பைக் கெட்டியாக்க வேண்டிய பொருள் கிழங்குக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீரின் சூடு 60 டிகிரியைத் தாண்டியதும் அந்த மாவு மணிகள் தண்ணீரை உறிஞ்சி ஊத ஆரம்பிக்கும். மத்தால் கடையும்போது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து சூப்பைப் பிடித்துக்கொள்ளும். வெட்டிய கிழங்கைக் கழுவாதீர்கள் என்று முதலில் சொன்னது இதற்காகத்தான். வெட்டிய பரப்பில் ஒட்டியிருக்கும் அந்த வெள்ளைப் பால்தான் உங்கள் கார்ன்ஃப்ளவர். அதை ஏன் குழாயடியில் ஊற்ற வேண்டும்?

கார்ன்ஃப்ளவர் போட்ட சூப் வழவழவென்று பளபளக்கும். ஆனால் நாக்கில் கிழங்கின் ருசி தெரியாது, ஒரு படலம்தான் தெரியும். மைதாவும் அப்படித்தான். சூப் தண்ணீராக இருந்தால் மூடியைத் திறந்து ஐந்து நிமிடம் கூடுதலாகக் கொதிக்க விடுங்கள், அல்லது இன்னும் நாலு துண்டுகளை மத்தால் நசுக்குங்கள். அடுத்த முறை ஒரு கிழங்கு கூடப் போடுங்கள்.

மிக்ஸியில அடிச்சேன், பசை மாதிரி இழுக்குது. என்ன தப்பு?

மிக்ஸிதான் தப்பு. எனக்கும் நடந்தது. வீட்டுக்கு விருந்தாளிகள் வந்த ஒரு நாள், நன்றாக நைசாக இருக்கட்டும் என்று மொத்தத்தையும் மிக்ஸியில் இரண்டு நிமிடம் ஓட விட்டேன். கரண்டியை எடுத்தால் கயிறு மாதிரி நீண்டு வந்தது. போஸ்டர் ஒட்டும் பசைக்கும் அதற்கும் நிறத்தில்கூட வித்தியாசமில்லை. பால் ஊற்றினேன், வெந்நீர் ஊற்றினேன், இழுவை போகவில்லை. அன்றைக்கு ரசத்தைத் தெளிய எடுத்து ஊற்றித்தான் சமாளித்தேன்.

மத்து கிழங்கின் உயிரணுக்களை (செல்களை) ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கும். மிக்ஸி பிளேடு அவற்றைக் கிழித்தே விடும். கிழிந்தால் உள்ளே ஊதியிருக்கும் மாவு மொத்தமும் ஒரே நேரத்தில் வெளியே வந்து பசையாகிவிடும். நைசாக வேண்டுமென்றால் வெந்த கிழங்கைக் கம்பி வடிகட்டியில் போட்டுக் கரண்டியால் அழுத்தித் தேய்த்து இறக்குங்கள். மிக்ஸிதான் கதி என்றால் வெங்காயத்தையும் பூண்டையும் மட்டும் அரைத்துச் சேருங்கள். கொதிக்கும் சூப்பை மூடிய மிக்ஸி ஜாரில் ஓட விட்டால் ஆவி மூடியைத் தூக்கி எறிந்து மேலே கொட்டும், அதையும் நினைவில் வையுங்கள். பசையானதை எறிய வேண்டாம். அரிசி மாவு, பச்சை மிளகாய், கொத்தமல்லி சேர்த்துப் பிசைந்து கல்லில் அடையாகத் தட்டலாம்.

தக்காளி சேர்த்து வேக வச்சேன். அரை மணி நேரமாகியும் கிழங்கு நறுக்குன்னே இருக்கு.

புளிப்புள்ள தண்ணீரில் கிழங்கு மெதுவாகத்தான் வேகும். காய்கறியின் உயிரணுக்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் என்ற பொருள் புளிப்பில் எளிதாகக் கரையாது. நம் பாட்டிமார் காய் வெந்த பிறகுதான் புளி ஊற்றினார்கள், அதற்கும் இதுதான் காரணம். கிழங்கு முழுதாக வெந்த பிறகு தக்காளிச் சாற்றை ஊற்றுங்கள். ஊற்றினால் பாலை மறந்துவிடுங்கள். ஏன் என்பது அடுத்த கேள்வி.

பால் ஊத்தினதும் திரிஞ்சு திப்பி திப்பியா ஆயிடுச்சு.

மூன்று காரணம் இருக்கலாம். சூப்பில் தக்காளியோ எலுமிச்சையோ இருந்திருக்கும். அல்லது பால் ஊற்றியபின் தளதளவென்று கொதித்திருக்கும். அல்லது பாலே பழையதாக இருக்கும்: காலையில் காய்ச்சி வெளியே வைத்த பால் சாயங்காலத்துக்குள் லேசாகப் புளிப்பேறிவிடும், குடித்தால் தெரியாது, சூட்டில் தெரிந்துவிடும். சூப்பில் கரைந்த மாவுச்சத்து பாலை ஓரளவு காப்பாற்றும். அதனால்தான் கடைந்த பிறகு பால் ஊற்றச் சொல்கிறேன். தண்ணீராக இருக்கும்போதே ஊற்றினால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

உப்பு கூடிப்போச்சு. ஒரு உருளைக்கிழங்கு போட்டா உறிஞ்சிடும்பாங்களே, உருளைக்கிழங்கு சூப்புக்கே என்ன பண்றது?

கிழங்கு உப்பை மட்டும் தனியாக உறிஞ்சுவதில்லை. உப்புத் தண்ணீரைத்தான் உறிஞ்சுகிறது. எடுத்து வெளியே போட்டாலும் மீதித் தண்ணீரின் கரிப்பு அப்படியே இருக்கும். குழம்பில் கிழங்கு போட்டால் கரிப்பு குறைந்த மாதிரி தெரிவது, உப்பில்லாத பொருளைச் சேர்த்துச் சாப்பிடுவதால். ஆகவே இங்கேயும் அதே வழிதான்: உப்பில்லாமல் வேக வைத்த ஒரு கிழங்கை மசித்துச் சேர்த்து, வெந்நீரும் பாலும் கூட்டுங்கள். சூப் கொஞ்சம் அதிகமாகும், பரவாயில்லை. எலுமிச்சை பிழிந்து சமாளிக்க நினைத்தால் பால் திரிந்துவிடும்.

உங்க வீட்டுல ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி வைப்பீங்களாமே?

ஆமாம். மேலே சொன்னது மாமியார் வைப்பது. அதில் அவர் எதையும் மாற்ற விட மாட்டார், சீரகம்கூடச் சேர்க்கக் கூடாது. நாத்தனார் பூண்டை நாலு பல்லுக்குப் பதில் ஒரு முழுப் பூண்டாகப் போடுவார். நசுக்காமல் தோலுரித்து முழுசு முழுசாகக் கிழங்கோடு வேக விட்டால் காரமெல்லாம் போய் வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். மாமனாருக்கு முந்தின நாள் ஆட்டெலும்பு சூப் மிச்சமிருந்தால் தண்ணீருக்குப் பதில் அதை ஊற்ற வேண்டும், அப்போது பால் கிடையாது. என் மகன் வறுத்த ரொட்டித் துண்டும் சீஸ் துருவலும் போட்டுக்கொள்வான். சீஸில் உப்பு இருப்பதால் அவன் பங்கை எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கடைசி உப்பைச் சரி பார்ப்பேன்.

என் அம்மாவின் கை பட்டபோதுதான் சூப் ஒரேயடியாக மாறியது. ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, "இதுல ஏன் பருப்பே இல்லை?" என்று கேட்டார். திருநெல்வேலிச் சொதி தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வி புரியும். மறுவீட்டு விருந்துக்கு வைப்போம். பாசிப்பருப்பை வேக வைத்து, உருளை, காரட், பீன்ஸ் எல்லாம் இரண்டாம் தேங்காய்ப்பாலில் வேக விட்டு, கடைசியில் முதல் பால் ஊற்றி இறக்கி, ஆறியதும் எலுமிச்சை பிழிவது. அம்மா அந்த வழியைச் சூப்புக்குக் கொண்டு வந்தார். 400 கிராம் கிழங்கை 300 ஆகக் குறைத்து, வறுத்த பாசிப்பருப்பு கால் தம்ளர் சேர்த்து வேக வைத்தார். மாட்டுப்பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால். வெங்காயத்தோடு இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்துப் போட்டு வதக்கினார்.

அன்றைக்கு மாமியாரும் வீட்டில் இருந்தார். இரண்டு வாய் குடித்துவிட்டு, "இது சூப் இல்லை, ஆனா இன்னொரு தம்ளர் ஊத்து" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அம்மா வந்தால் இது, மாமியார் வந்தால் அது. இருவரும் சேர்ந்து வந்தால் இரண்டு பாத்திரம் அடுப்பில் ஏறும்.

அக்கா, நாங்கள் யாழ்ப்பாணத்தில வைக்கிற சொதியிலயும் உருளைக்கிழங்கு போடுவம். அப்ப அதுவும் சூப்தானே?

தங்கச்சி, நெருங்கிய சொந்தம்தான், ஆனால் ஒன்றல்ல. உங்கள் சொதியில் கிழங்கு துண்டாகவே நிற்கும். தேங்காய்ப்பால், வெந்தயம், மஞ்சள், பச்சை மிளகாய், கறிவேப்பிலை இவைதான் அதன் உடம்பு. இறக்கியபின் தேசிக்காய்ப் (எலுமிச்சை) புளி விடுவீர்கள், இடியப்பத்தின் மேல் ஊற்றுவீர்கள். சூப்பில் கிழங்கே உடம்பு. உங்கள் சொதியில் கிழங்கை இரண்டு மடங்காக்கி, பாதியை மசித்து, புளியைக் குறைத்தால் அருமையான சூப் வரும். நான் செய்து பார்த்திருக்கிறேன். வெந்தயம் மட்டும் கால் தேக்கரண்டியைத் தாண்ட வேண்டாம், மசித்த கிழங்கில் கசப்பு தூக்கலாகத் தெரியும்.

அத்தை, நான் படிக்க ஜெர்மனி வந்திருக்கேன். இங்கேயும் உருளைக்கிழங்கு சூப் இருக்கு, ஆனா நம்ம வீட்டு ருசி இல்லை. கடையில எந்தக் கிழங்கு வாங்கறது?

உனக்கு வேலை சுலபம். அங்கே கிழங்குப் பையிலேயே குணத்தை அச்சடித்திருப்பார்கள். 'மேலிக்கோகென்ட்' என்று போட்டிருந்தால் மாவுக் கிழங்கு, அதை வாங்கு. 'ஃபெஸ்ட்கோகென்ட்' என்றால் கட்டியாக நிற்பது. மேலே நான் சொன்ன உப்புத் தண்ணீர்ச் சோதனை உனக்குத் தேவையில்லை.

அவர்கள் சூப்பின் ருசி வேறாக இருப்பதற்குக் காரணம் காரட், செலரிக் கிழங்கு, லீக்ஸ் (தடித்த வெங்காயத்தாள் மாதிரி இருக்கும்), பார்ஸ்லி எல்லாம் சேர்ந்த அந்தக் காய்க்கட்டும், மார்ஜோரம் என்ற மூலிகையும். மேலே சாஸேஜ் துண்டும் மிதக்கும். அதையும் ஒருமுறை முறையாக வைத்துப் பார், நல்ல சாப்பாடு. வீட்டு ருசி வேண்டும் என்கிற நாளில் மார்ஜோரத்தை விட்டுவிட்டு மிளகை இடித்துப் போடு. பொடியாக விற்கும் மிளகு வேண்டாம், முழு மிளகாக வாங்கி அப்போதைக்கு இடிக்க வேண்டும்.

லீக்ஸ் கிடைக்கலைன்னா வெங்காயத்தாள் போடலாமா? இதைக் குளிர வச்சும் குடிப்பாங்கன்னு கேள்விப்பட்டேன், நிஜமா?

போடலாம். வெள்ளைப் பகுதியை வெண்ணெயில் வதக்கவும், பச்சைப் பகுதியை இறக்கிய பிறகு தூவவும். லீக்ஸ் கிடைத்தால் நீளவாக்கில் பிளந்து கழுவுங்கள், அடுக்குக்குள் மண் இருக்கும்.

குளிர்ந்த சூப்பும் நிஜம்தான், அதுவும் ஒரு வீட்டுக் கதைதான். லூயி தியா என்ற பிரெஞ்சுக்காரர் நியூயார்க்கில் ரிட்ஸ் கார்ல்டன் ஓட்டலில் தலைமைச் சமையற்காரராக இருந்தார். சின்ன வயதில் அவருடைய அம்மாவும் பாட்டியும் வைக்கும் லீக்ஸ் உருளைச் சூப்பை அவரும் அண்ணனும் குளிர்ந்த பால் ஊற்றி ஆற்றிக் குடிப்பார்களாம். 1917 கோடையில் அதை நினைத்துக்கொண்டு ஓட்டலில் அப்படியே குளிர வைத்துக் கொடுத்தார். பிரான்ஸில் தன் சொந்த ஊருக்குப் பக்கத்திலிருந்த விஷி நகரத்தின் பெயரால் விஷிஸ்வாஸ் என்று பெயர் வைத்தார். செய்து பார்க்க நினைத்தால் சூடாக இருக்கும்போது சரியாக இருக்கும் உப்பு, குளிர்ந்தபின் குறைவாகத் தெரியும். கொஞ்சம் கூட்டிப் போடுங்கள்.

முளை விட்ட கிழங்கு, பச்சை பாய்ஞ்ச கிழங்கு எல்லாம் வேக வச்சா சரியாயிடும்தானே?

ஆகாது. பச்சை நிறமும் முளையும் சொலனைன் என்ற நச்சுப்பொருள் அங்கே கூடியிருப்பதற்கு அடையாளம். அது கொதிக்கும் தண்ணீரில் அழிவதில்லை. சின்ன முளை என்றால் கண்ணைச் சுற்றி ஆழமாகத் தோண்டி எடுத்துவிடலாம். பரவலாகப் பச்சையாக இருந்தாலோ, வெந்தபின் கசந்தாலோ யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். கிழங்கை வெளிச்சம் படாமல் சாக்கிலோ காகிதப் பையிலோ வையுங்கள். ஃபிரிட்ஜில் வேண்டாம். குளிரில் கிழங்கின் மாவு சர்க்கரையாக மாறி சூப் இனிக்கும்.

அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கு. கொடுக்கலாமா?

மசித்த கிழங்கு சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும், அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். என் அம்மாவுக்கும் உண்டு. அவருக்கு மேலே சொன்ன பாசிப்பருப்புச் சூப்பில் கிழங்கைப் பாதியாக்கி, காலிஃப்ளவரும் பீன்ஸும் சேர்த்து, ஒரு சின்னக் கிண்ணம் கொடுப்பேன். அன்றைக்குச் சோற்றைக் குறைத்துக்கொள்வார். எவ்வளவு என்பதை அவரைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மிச்சமானது மறுநாள் களி மாதிரி ஆயிடுது.

ஊதிய மாவு ஆறும்போது இறுகும், அது இயற்கை. தண்ணீர் தெளித்துச் சிறு தீயில் கிளறிக்கொண்டே சூடு பண்ணினால் இளகும். மறுநாளுக்கு என்று தெரிந்தால் பால் ஊற்றாமல் எடுத்து வையுங்கள். ஃப்ரீஸரில் வைத்தால் மணல் மணலாகப் பிரிந்துவிடும், அது வேண்டாம். எங்கள் வீட்டில் இறுகியதைக் கோதுமை மாவில் ஊற்றிப் பிசைந்து சப்பாத்தி போடுவோம். தண்ணீரே தேவைப்படாது, சப்பாத்தியும் மிருதுவாக வரும்.

எல்லாம் நீங்க சொன்னபடியே செஞ்சேன். ஆனா உங்க மாமியார் வச்சுக் குடிச்ச ருசி வரலை.

எனக்கும் வெகுநாள் வரவில்லை. அளவு அதே அளவு, கிழங்கு அதே கிழங்கு. ஒரு பொங்கலுக்குப் போயிருந்தபோது பக்கத்தில் நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிழங்கு வெந்ததும் நான் உடனே மத்தைப் போடுவேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு, மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் அப்படியே விட்டார். அந்த நேரத்தில்தான் மிளகை உரலில் போட்டு இடித்தார், பாலைச் சூடு பண்ணினார். திறந்து கடைந்தபோது மத்து ஏழெட்டுத் தடவைக்கு மேல் சுற்றவில்லை. கிழங்கு தானாகவே கரைந்து கொடுத்தது.

ஏன் பத்து நிமிடம் என்று கேட்டேன். "அதுவும் கொஞ்சம் உட்காரட்டும்டி, நாமளும் உட்காருவோம்" என்று சொல்லி, அடுப்புத் திண்ணையில் எனக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.